மெத்தைக்கு அளவெடுத்த கயிறு

அந்த ஆனி மாதம் எங்கள் வீட்டில் இரண்டு மெத்தைகள் தைத்தார்கள். ஒன்று எனக்கு, சென்னையில் பல்கலைக்கழக விடுதியின் ஒற்றைக் கட்டிலுக்கு. இன்னொன்று யாருக்கு என்று கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. கேட்டால் பதில் வராத வீடு இல்லை எங்களுடையது. தென்காசியில் எங்கள் தெருவிலேயே அதிகச் சத்தம் போடும் வீடு அதுதான். அந்தச் சத்தத்தில் பாதி என்னுடையது. அப்படிப்பட்ட வீடு திடீரென்று வாயை மூடிக்கொண்டது.

அறுபதுகளின் தொடக்கம் அது. பாளையங்கோட்டையில் சித்தப்பா வீட்டில் தங்கி பி.ஏ. முடித்திருந்தேன். மேலே படிக்க சென்னையில் இடம் கிடைத்தது, விடுதியிலும் இடம் கிடைத்தது. அப்பாவிடம் சொல்லும்போது குறைந்தது பத்து நாள் பட்டினி கிடக்கத் தயாராகத்தான் போய் நின்றேன். கோயில் நிலத்தோடு ஒட்டிய வயலும், திருவிழாவில் ஒரு நாள் மண்டகப்படியும், அந்த மண்டகப்படிக்கு ஏற்ற கௌரவமும் உள்ள மனிதர் அவர். ஒரு குடை வாங்குவதற்கே மூன்று கடை ஏறி இறங்குவார். அவர் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, போயிட்டு வா. வேண்டியதைச் செஞ்சிருவோம்" என்றார்.

அவ்வளவு சுலபமாக அவர் சம்மதித்தது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டை போட்டு வாங்கிப் பழகியவளுக்குச் சும்மா கிடைத்தால் சந்தேகம் வரும். ஆனாலும் இருபத்தோரு வயசில் சந்தேகத்தைவிடச் சந்தோஷம்தான் பெரிது. அன்று சாயங்காலமே டிரங்குப் பெட்டி பார்க்கக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டேன், தங்கையையும் இழுத்துக்கொண்டு.

தங்கை எனக்கு மூன்று வயது இளையவள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கில் தவறி, மறுபடி எழுதி, அந்த வருஷம்தான் தேறியிருந்தாள். அடுத்து ஆசிரியப் பயிற்சியில் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. வெளியாட்கள் முன்னால் வாயைத் திறக்க மாட்டாள். நானும் அவளும் தனியாக இருந்தால் மூட மாட்டாள். உள்ளறையில் நாங்கள் இருவரும் ஒரே பாயில் படுப்போம். அவளுக்கு எப்போதும் சுவர்ப் பக்கம்தான். ஒரு கையால் சுவரைத் தொட்டுக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். நான் வெளிப்பக்கம் படுத்து, இரவெல்லாம் அவள் முழங்கையால் இடி வாங்குவேன்.

பெட்டி வந்தது. பச்சை வர்ணம், பித்தளைப் பூட்டு. அதன் மூடியில் என் பெயரை எழுதுவதற்கென்று அப்பா ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் வாங்கிவந்தார். அவர் கையெழுத்து அச்சுப்போல் இருக்கும். "நாளைக்கு எழுதுதேன்" என்றார். மறுநாள் கேட்டேன். "சாரல் விழுது, பெயின்ட் காயாது" என்றார். அடுத்த நாள் வெயில் அடித்தது. அன்றும் எழுதவில்லை. பெட்டி பெயரில்லாமல் கூடத்து மூலையில் உட்கார்ந்திருந்தது. போகிற வருகிற போதெல்லாம் அது என் கண்ணில் பட்டது.

அம்மாவும் சரியில்லை. பருப்புப்பொடி திரித்தாள், நார்த்தங்காய் ஊறுகாயை ஜாடியில் அடைத்துத் துணி கட்டினாள், சீயக்காய்ப்பொடியைச் சலித்தாள். எல்லாம் செய்தாள், ஆனால் எதையும் பெட்டிக்குள் வைக்கவில்லை. அடுக்களை மேடையில் வரிசையாக வைத்திருந்தாள். "பெட்டில வைக்கட்டுமா அம்மா?" என்று கேட்டால், "இருக்கட்டும்ட்டி, என்ன அவசரம்" என்பாள். சாரல் காலத்தில் துணி காயாது, எண்ணெய்ப் பண்டம் நமுத்துப்போகும், அதனால் எதையும் முன்கூட்டியே கட்டிவைக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

தங்கை மட்டும்தான் வேலையை வேலையாகச் செய்தாள். விடுதியில் துணிகள் மாறிவிடக் கூடாது என்று என் பாவாடை, ரவிக்கை, துண்டு எல்லாவற்றிலும் ஓரத்தில் சிவப்பு நூலால் என் பெயரின் முதலெழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நாள் முழுக்கத் தைப்பாள். மலைப்பக்கமிருந்து வரும் காற்று நூலைக் கலைக்கும். திட்டிக்கொண்டே மறுபடி கோப்பாள்.

அப்படியிருக்கும்போதுதான் இலத்தூரிலிருந்து அத்தை வந்தாள். அப்பாவின் அக்காள். "பிள்ளை பட்டணம் போகுதே, மூட்டை கட்ட ஒரு கை வேண்டாமா" என்று சொல்லிக்கொண்டே படியேறினாள். எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எது நடந்தாலும் அத்தைக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஆனால் வேலை செய்ய அவள் வந்து நான் பார்த்ததில்லை. வந்த அன்றே பரணிலிருந்து வெண்கலப் பானைகளை இறக்கச் சொன்னாள். உருளி, குத்துவிளக்கு, அண்டா. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்க்க வைத்தாள்.

"ஹாஸ்டலுக்கு ஒரு தட்டும் தம்ளரும் போதும் அத்தை" என்றேன்.

"பொம்பளப் பிள்ளைக்குன்னு வாங்கினது. வெளக்கி வச்சா என்ன, தேஞ்சா போவும்?" என்றாள். அம்மா என்னைப் பார்க்கவில்லை. குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மெத்தை தைப்பவர் வந்தார். பின்கட்டில் இலவம்பஞ்சைக் கொட்டி வில்லால் அடிக்கத் தொடங்கினார். டொய்ங் டொய்ங் என்று அந்தச் சத்தம் வீடு முழுவதும் கேட்டது. பஞ்சு பறந்து எல்லோர் தலையிலும் ஒட்டிக்கொண்டது. என் மெத்தைக்கு அளவு விடுதிக்காரர்கள் சொன்னபடி அப்பா சொன்னார். அது முடிந்ததும் அத்தை மடியிலிருந்து ஒரு சணல் கயிற்றை எடுத்தாள். அதில் இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தது. "முத முடிச்சு வரைக்கும் அகலம், ரெண்டாம் முடிச்சு வரைக்கும் நீளம். நாலு தலகாணி" என்று சொல்லி அவர் கையில் கொடுத்தாள்.

அது இலத்தூரிலிருந்து வந்த கயிறு. அங்கே அளவெடுத்த கயிறு. அந்த வீட்டில் கயிறு வைத்து அளக்கும்படி பெரிய கட்டில் ஒன்றுதான் உண்டு, அது எனக்கு நன்றாகத் தெரியும். சின்ன வயசில் விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் அத்தை காட்டிக் காட்டிப் பெருமையடிப்பாள். தேக்குக் கட்டில், பர்மாவிலிருந்து வந்த மரம், சுவரில் சாய்த்துப் போட்டால் ஈரம் ஏறும் என்று அறையின் நட்டநடுவில் போட்டிருப்பார்கள். "நாலு பக்கமும் சுத்தி வரலாம் பாத்துக்கோ" என்பாள். நானும் தங்கையும் அதைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடியிருக்கிறோம்.

"பெரிய மெத்தை யாருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் தெருப்பக்கம் போய்விட்டார்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அத்தை எங்கள் இருவரையும் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனாள். "பட்டணத்துக்குப் போனா அருவியா கிடைக்கும், உப்புத் தண்ணிதான். தலையில நல்லா எண்ணெய் வச்சுக் குளிச்சுட்டுப் போ." பேரருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் தலையில் விழும்போது எந்தக் கவலையும் நிற்காது, அதுதான் அந்த அருவி. நான் கூடச் சிரித்துவிட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். அத்தை குளிக்காமல் பாறையோரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தையில் மாடு பிடிப்பவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. தண்ணீரின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. மேலே காட்டில் மழை பெய்தால் முதலில் நிறம்தான் மாறும், பிறகு கல்லும் கட்டையும் வரும். எல்லோரும் கரையேறுங்கள் என்று ஒரு போலீஸ்காரர் கத்திக்கொண்டே வந்தார். அது அத்தையின் மகன். சீசனுக்கு அவருக்குக் குற்றாலத்தில் டியூட்டி போட்டிருக்கிறார்கள் என்பதை அத்தை அதுவரை சொல்லவில்லை. சற்று நேரத்தில் அருவி சிவப்பாக, காது அடைக்கிற சத்தத்தோடு, நாங்கள் நின்ற இடத்தையே மூடிக்கொண்டு விழுந்தது. தங்கை என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் எங்களுக்கு மங்குஸ்தான் பழம் வாங்கிவந்து அத்தையிடம் கொடுத்தார். என்னைவிட நிறைய மூத்தவர். தரையைப் பார்த்தே பேசினார். அவரைக் கெட்டவர் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்ல மாட்டேன். கிளம்பும்போது, "மெட்ராஸ் ஹாஸ்டல்ல சேரப் போறியாம்லா?" என்று என்னைக் கேட்டுவிட்டு மெல்லச் சிரித்தார். சின்னப்பிள்ளை சொப்பு வைத்துச் சமைத்துக் கொடுத்ததை வாங்கிச் சாப்பிடுவதுபோல் பாவனை செய்து சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. அத்தையும் அதே மாதிரி சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது எனக்குக் குளிர் விடவே இல்லை.

மறுநாள் காலை கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். தங்கை குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குடத்தை வைக்காமலே நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன். நான் சொன்னேன்னு சொல்லிராத."

"சொல்லுட்டி."

"அப்பா அத்தை வீட்டுக்கு வெத்தல மாத்திட்டாவ. போன மாசமே. கோயில்ல பூக்கட்டியும் பாத்தாச்சாம். ஆனி முடியதுக்குள்ள கல்யாணம். ஆடி பிறந்தா பண்ண முடியாதுல்லா. நீ ஹாஸ்டல் ஹாஸ்டல்னு குதிச்சுட்டு இருந்தா கல்யாணத்துக்கு மூட்டை கட்டுதது உனக்குத் தெரியாதுன்னு அத்தைதான் யோசனை சொல்லியிருக்கா. நேத்து அம்மாகிட்ட பேசிட்டு இருந்ததைக் கேட்டேன்." சொல்லி முடித்து அழுதாள். "நீ எப்படியாவது போயிரு அக்கா. நான் எல்லாத்துலயும் உன் எழுத்தைத் தச்சிட்டேன்."

இதைக் கேட்டதும் எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. தலைக்கு ஏறிய கோபம். நான் ஆசையாக ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்த சாமான்களை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் சீர் சாமான் சேர்த்திருக்கிறார்கள். எனக்கே தெரியாமல் என் கல்யாணத்துக்கு என்னையே ஓடியாடி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள்.

மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்ததும் எதிரில் போய் நின்றேன். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். அத்தை நிலைப்படியில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். தங்கை தண்ணீர்ச் செம்போடு அடுக்களை வாசலில் நின்றாள்.

"வெத்தல மாத்தினப்போ என்ன சொன்னிய அப்பா?"

அவர் கை இலையில் நின்றது. ஒளிக்க முயலவில்லை, அதைச் சொல்ல வேண்டும். "எல்லாரும் சொல்லுததுதான். எங்க வீட்டுப் பிள்ளையை உங்க வீட்டுக்குத் தாரோம்னு."

"என் பேரைச் சொன்னியளா?"

"சபையில பிள்ளையோட பேரை எவன் சொல்லுவான்? அந்த வழக்கம் உண்டா நமக்கு?"

உண்மைதான். ஆண்கள் கூடும் இடத்தில் வயசுப் பெண்ணின் பெயரை எடுப்பது அழகில்லை என்று எங்கள் பக்கத்தில் எண்ணுவார்கள். சொந்தத்துக்குள் என்றால் ஜாதகமும் மாற்றிக்கொள்வதில்லை. சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்தால் தீர்ந்தது.

"பூக்கட்டிப் பாத்தப்போ? சாமிகிட்டயாவது சொன்னியளா?"

"இல்ல."

எனக்குப் பேசத் தெரியும். கல்லூரியில் பேச்சுப்போட்டிக்கு மேடையேறி எதிராளியின் வார்த்தையை வைத்தே எதிராளியை மடக்கிப் பரிசு வாங்கியவள் நான். "அப்போ நீங்க என்னைத் தாரேன்னு யாருக்கும் சொல்லல. பேர் சொல்லாத வாக்கு என்னை எப்படிக் கட்டும்? நீங்க வாக்குத் தப்பவும் இல்ல, நான் உங்க பேச்சை மீறவும் இல்ல. நான் மெட்ராஸ் போறேன்" என்றேன். நல்ல வாதம். இன்று யோசித்தாலும் அதில் ஓட்டை இல்லை.

 வெளியே சாரல் விழும் சத்தம் கேட்டது. அத்தை வெற்றிலையை வாயில் போட்டு நிதானமாக மென்றாள். பிறகு சொன்னாள்: "அவ சொல்லுதது சரிதான் தம்பி. பேரு சொல்லலதான்."

ஜெயித்துவிட்டேன் என்று ஒரு கணம் நினைத்தேன். அத்தை என்னைப் பார்க்கவில்லை. அடுக்களை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் தலையைத் தூக்கி அங்கேதான் பார்த்தார். தங்கை தனக்குப் பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. அம்மாவின் கையிலிருந்த கரண்டி இலையில் விழுந்து, சோறு தரையில் சிதறியது.

நான் கத்தினேன். அவள் சின்னவள், பயிற்சிக்குப் படிக்க வேண்டியவள், அவளை விடுங்கள் என்றேன். யாரும் அசையாததைப் பார்த்ததும், "சரி, நானே கட்டிக்கிடுதேன்" என்றும் சொன்னேன். மனசார இல்லை, ஆனால் சொன்னேன். அத்தை சிரித்தாள். "வேண்டாம் தாயி. நீ போயிப் படி. சாப்பிடுத எலைக்கு முன்னால நின்னு அப்பனைக் குறுக்கு விசாரணை பண்ணுதவ எனக்கு எதுக்கு? எனக்கு வாயில்லாப் பிள்ளைதான் வேணும்." அப்பா கை கழுவ எழுந்தார். அவர் கொடுத்த வாக்குக் காப்பாற்றப்பட்டுவிட்டது. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அந்த நிம்மதியை நான் அவருக்குக் கடைசிவரை மன்னிக்கவில்லை.

தங்கையை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளினாள்.

அதன் பிறகு என் மூட்டை கட்டும் வேலைதான் வீட்டின் அவசர வேலை ஆயிற்று. மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று பந்தலில் நாலு பேர் கேட்பார்களே! மூத்தவள் கண்ணில் படாமல் இருந்தால் கேட்க மாட்டார்கள். "படிக்கப் போயிட்டா, லீவு கிடைக்கல" என்று சொல்லிக்கொள்ளலாம். விடுதி திறக்கும் நாளுக்கு முன்பே என்னை அனுப்பிவிட வேண்டும், அதுவரை சென்னையில் யாராவது தெரிந்தவர் வீட்டில் இருக்கட்டும் என்று அத்தைதான் ஏற்பாடு செய்தாள். அப்பா மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பெட்டியைத் தாழ்வாரத்துக்கு இழுத்து, அதன் மூடியில் என் பெயரை எழுதினார். சாரல் விழுந்துகொண்டுதான் இருந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். அழகான எழுத்து.

அடுக்களை மேடையில் இருந்ததையெல்லாம் அம்மா பெட்டிக்குள் அடுக்கினாள். ஜாடிகளுக்கு நடுவே பழந்துணியைச் செருகினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "நான் போகல அம்மா" என்றேன். "நீ இங்கன இருந்தா அது நின்னுரவா போகுது? நீயாவது போயிருட்டி" என்றாள். 

ஊருக்குப் போகிற அன்று என் மெத்தையை நானும் தங்கையும் சேர்ந்துதான் சுருட்டினோம். கூடத்தில் ஹோல்டாலை விரித்து, மெத்தையைச் சுருட்டி வைத்து, அவள் முழங்காலால் அமுக்க, நான் வாரை இழுத்து மாட்டினேன். புதுப் பஞ்சு அடங்காமல் திமிறியது. பக்கத்தில் பெரிய மெத்தை பாதிக் கூடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது, மேலே நாலு தலையணை. அதன் ஓரத்தில் அந்தக் கயிறு இன்னும் கிடந்தது. வாசலில் ஸ்டேஷனுக்குப் போக வண்டி வந்து நின்றது. மாட்டின் மணி கேட்டது.

வாரை மாட்டி முடித்தோம். தங்கை எழுந்திருக்கவில்லை. இரண்டு மூன்று நாளாக அவள் என்னிடமும் அதிகம் பேசவில்லை. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அக்கா" என்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "நான் எப்பவும் சுவர்ப் பக்கம்லா படுப்பேன். அங்கன நான் எந்தப் பக்கம் படுக்க?"

அவளும் அந்தக் கட்டிலைச் சுற்றி ஓடி விளையாடியவள்தான். அது அறைக்குள் எங்கே கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவு அவளுக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போதும் எனக்கு எல்லாம் தெரியும் என்பதுபோல.

"சுவர்ப் பக்கமே படு" என்றேன்.

"சரி" என்றாள்.